ஸ்ட்ரெச்சரில் படுத்துப் பார்

மார்ச் 3

இன்ஜினியர் சாருக்கு,

இனிமேல் உன்னோடு போனில் பேச மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. போனில் நீ நடுவில் புகுந்து "நான் சொல்றத முதல்ல கேளு" என்பாய். கடிதத்தில் புக முடியாது. அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி.

எங்கள் போக்குவரத்து அதிகாரி உன் கம்பெனிக்குச் சொன்ன கதைதான் உனக்குத் தெரியும். நடந்தது இது. போன வியாழன் பிற்பகல், சாரத்திலிருந்து ஒரு பெயிண்டர் விழுந்துவிட்டார் என்று அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் இடுப்பு எலும்பு உடைந்து கிடக்கிறார். நர்ஸ் அக்காவும் நானும் ஸ்ட்ரெச்சரில் கட்டி ஏற்றினோம். உன் கம்பெனி கொடுத்த புது ஆம்புலன்ஸ்தான். பள்ளம் மேட்டைத் தானே பார்த்துத் தானே ஷாக் அப்சார்பரை இறுக்கித் தளர்த்திக்கொள்ளும், உள்ளே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நீ அம்மாவிடம் பெருமை அடித்தாயே, அதே வண்டி.

ஆஸ்பத்திரிச் சாலையில் அடுத்தடுத்து ஏழு வேகத்தடை. முப்பதில்தான் போனேன். எனக்குத் தொட்டிலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடையைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "அம்மா, நிறுத்துங்கம்மா. நான் இறங்கி நடந்தே வந்துடறேன்." இடுப்பு உடைந்த மனிதர் நடந்து வருகிறேன் என்கிறார். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

ஓரங்கட்டி, ஃபியூஸைப் பிடுங்கி, உன் கன்ட்ரோல் பெட்டியைத் தூங்க வைத்தேன். மிச்சம் நாலு தடையைப் பழைய வண்டி மாதிரி ஊர்ந்து கடந்தேன். எனக்கு முதுகு குலுங்கியது. அவர் முனகினார், ஆனால் கத்தவில்லை.

அதற்குத்தான் தண்டனை. "பாதுகாப்புக் கருவியை அனுமதியின்றிச் செயலிழக்கச் செய்தது" என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். வண்டியிலிருந்து இறக்கி, கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். "தவறு செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தால் சாவி திரும்பக் கிடைக்குமாம். பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். எழுதிக் கொடுக்க மாட்டேன்.

பழைய வண்டியே தேவலை என்று மூக்கால் அழுகிறவள் நான் இல்லை. போன மாதம் ஒருவன் பைக்கில் குறுக்கே வந்தான். ஒடித்துத் திருப்பினேன். பழைய வண்டியாக இருந்தால் கவிழ்ந்திருக்கும். உன் வண்டி சாயவே இல்லை. அதற்கு உனக்குக் கும்பிடு. ஆனால் பின்னால் ஏதோ கோளாறு இருக்கிறது. ஒருநாள் வா. அந்த ஸ்ட்ரெச்சரில் படு. நான் ஓட்டுகிறேன். அதற்குப் பிறகு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று பேசலாம்.

நீ பெயர் வைத்த பம்பரம்,
இப்போது ஒரு நாற்காலியில் கட்டிப் போடப்பட்டிருக்கிறது.


மார்ச் 8

பம்பரத்துக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை இன்னும் அதிகமாக வந்தது.

இந்தக் கருவியை அறுநூறு தடவை ஓட்டிச் சோதித்திருக்கிறோம். ஸ்ட்ரெச்சரில் எழுபது கிலோ மணல் மூட்டை கட்டி, ஆள் இருப்பது போலவே ஓட்டினோம். அதிர்வு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. திருப்பத்தில் வண்டி சாய்வது மூன்றில் ஒரு பங்குதான். ஆறு வருட உழைப்பு. இதையெல்லாம் ஒரே ஒருவர் கத்தினார் என்பதற்காகப் பிடுங்கி எறிவாயா? இடுப்பு உடைந்தவர் எந்த வண்டியில் போனாலும் கத்துவார்.

முதல் மாதம் நீ பூர்த்தி செய்து அனுப்பிய படிவம் என் மேசையில் இருக்கிறது. பத்துக் கேள்விக்கும் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறாய். போதாததற்குக் கீழே கொட்டை எழுத்தில் "என் அண்ணன் செய்தது" என்று வேறு. வெட்கமாக இருந்தது. அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டுதான் தலைமை இன்ஜினியரிடம் காட்டினேன். இப்போது அவர் அந்தப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க தங்கச்சியே முழு மார்க் போட்டிருக்காங்களே, இப்ப என்ன?" என்று கேட்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உங்கள் அதிகாரி போனில் சிரித்ததையும் நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியை யாருக்காகத் தொடங்கினேன் தெரியுமா? உனக்காக. ஓட்டி ஓட்டி உன் முதுகுத் தட்டு பிசகியதே, ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாமல் நின்றாய், அம்மா கீழே உட்கார்ந்து கட்டிவிட்டாள். அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் ரயிலில்தான் முதல் படம் வரைந்தேன். அதிர்வை அளக்கும் சென்சாரை ஓட்டுநர் இருக்கைக்கு நேர் அடியில் வைத்தேன். அந்த இடம் அசையக் கூடாது. பெட்டிக்கு நான் கொடுத்த முதல் உத்தரவும் முக்கியமான உத்தரவும் அதுதான். இப்போது உனக்கு முதுகு வலிக்கிறதா? இல்லை. நன்றி சொல்ல வேண்டாம். ஃபியூஸைப் பிடுங்காமலாவது இருந்திருக்கலாம்.

இரண்டு வரி மன்னிப்பு எழுதிக் கொடு. கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அண்ணன்


மார்ச் 12

அண்ணனுக்கு,

உன் கடிதத்தில் அந்த முதுகுப் பத்தியை நர்ஸ் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சரி. பின்னாடி இருக்கறவங்களுக்கு யாரு உத்தரவு போட்டா?"

புது வண்டி வந்ததிலிருந்து அவருக்கு வாரத்தில் மூன்று நாள் வாந்தி. வயதாகிவிட்டது என்று அவரே நினைத்து, வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, பையில் இஞ்சி மிட்டாய் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. என் வண்டியை இப்போது ஓட்டுகிற மீசைக்காரரைக் கெஞ்சி, ஆஸ்பத்திரிச் சாலையில் ஒரு நடை ஓட்டச் சொல்லி, நான் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டேன். இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்தோம். ஒன்று அவருக்கு முன்னால், இன்னொன்று என் தலைமாட்டில். ஏழு தடை முடிந்தபோது முன் டம்ளரில் ஒரு சொட்டு சிந்தவில்லை. என் டம்ளர் இரண்டாவது தடையிலேயே பாதி காலி. மூன்றாவதில் அது என் நெஞ்சில் கிடந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், இன்னும் காந்துகிறது. முன்னால் மீசைக்காரர் சீட்டியடித்தபடி ஓட்டுகிறார்.

நான் படித்தது பத்தாவதுதான். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பாக இருந்தால் சிரி. கதவு திறக்கும்போது கீல் அசைவதில்லை, ஓரம்தான் வீசுகிறது. உன் பெட்டி என் இருக்கையை அசையாமல் பிடித்து வைக்கிறது. வண்டி எங்கேயாவது அசைந்துதானே ஆக வேண்டும்? அதெல்லாம் பின்னால் போய்ச் சேர்கிறது. என்னைக் கீலில் உட்கார வைத்தாய், நோயாளியை ஓரத்தில் படுக்க வைத்தாய். உன் எழுபது கிலோ மணல் மூட்டை புகார் சொல்லியிருக்காது. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். மூட்டைக்கு ஏது வாய்?

படிவம் பற்றிச் சொன்னாய். ஆமாம், பத்துக்குப் பத்து போட்டவள் நான்தான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்ப எடுத்துப் பார். பத்துக் கேள்வியும் ஓட்டுநரைப் பற்றியே. பின்னால் இருப்பவரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை, எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. வலி போன மயக்கத்தில் இருந்தேன். அதைவிட மோசம், வலி இல்லாததால் வேகமாகவும் ஓட்டியிருக்கிறேன். பழைய வண்டியில் பதினைந்தில் ஏறிய தடையில் இதில் முப்பதில் ஏறினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

எனக்காகச் செய்தாய் என்று எழுதியதைப் படித்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். ஆனால் மன்னிப்பு எழுதித் தர மாட்டேன். வா, வந்து படு.

பம்பரம்


மார்ச் 17

பம்பரத்துக்கு,

நீ எழுதியதைத் தலைமை இன்ஜினியரிடம் சொன்னேன். அடுத்த மாடலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த மாதக் கடைசியில் இன்னும் நாற்பது வண்டி வெவ்வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அது போனதும் எனக்குப் பதவி உயர்வு என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி உனக்கு விசாரணை என்று அம்மா சொன்னாள். அதற்கு முன்னால் இதை முடித்துவிடு. உனக்கு எழுத வராது என்று நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடு. வேலை போனால் வீட்டில் கஷ்டம். அம்மா முகத்தை நினைத்தாவது பார்.

தயவுசெய்து இதைப் பற்றி எனக்கு இனி எழுதாதே.

அண்ணன்


மார்ச் 20

இன்ஜினியர் சாருக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தாள் நன்றாக இருக்கிறது. "அறியாமையால் செய்த பிழை" என்று அழகாக எழுதியிருக்கிறாய். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதில் நானே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். எடுத்துக்கொண்டு எலும்பு வார்டுக்குப் போய் அந்தப் பெயிண்டரிடம் கொடுத்தேன். "முப்பதில் ஓட்டியது தப்பு. பின்னால் என்ன நடக்கிறது என்று மூன்று மாதமாகத் திரும்பிப் பார்க்காதது அதைவிடத் தப்பு." அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

அவர் காலில் எடைக் கல் தொங்கிக்கொண்டிருந்தது. படித்துவிட்டு, "சாரத்தக் கட்டினவன் இன்னும் எட்டிக்கூடப் பாக்கல. நீங்க வந்து மன்னிப்பு கேக்கறீங்க" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஆனா அந்த வண்டில இனி யாரையும் ஏத்தாதீங்கம்மா" என்றார். கேட்டுக்கொண்டாயா? நாற்பது வண்டி அனுப்புகிறேன் என்கிறாயே. நாற்பதிலும் ஆள் ஏறுவார்கள்.

அம்மா முகத்தை நினை என்றாய். நினைத்தேன். நாளைக்கு அம்மா விழுந்தால் இந்த வண்டியில்தான் ஏற்றுவேன். என் முதுகு வலிக்காது. நன்றாகச் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டுவேன்.

உனக்குப் பயம். படுத்தால் தெரிந்துவிடும் என்று பயம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். விசாரணைக்கு நான் வெறுங்கையோடு போகிறேன், மன்னிப்பு இல்லாமல்.

பம்பரம்


மார்ச் 28

தங்கச்சிக்கு,

நீ சொன்னபடி நேற்று வந்து படுத்தேன், ஆனால் ஸ்டேஷனில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ரயில் ஏறிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். வண்டிச் சாவி உன் கைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லாதே. மீசைக்காரருக்கு என் வணக்கம்.

நீ கோபத்தில் வேகமாக ஓட்டிக் காட்டுவாய் என்று நினைத்துத்தான் படுத்தேன். நீ இருபத்தைந்தைத் தாண்டவில்லை. நர்ஸ் அக்கா வார்களை இறுக்கிவிட்டு, "கைய உள்ள வச்சுக்கங்க சார்" என்றார். முதல் தடையில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் இடுப்பு மேலே போய், வாரில் அடிபட்டு, கீழே விழுந்தது. எழும்பும்போதுகூடப் பரவாயில்லை. விழும்போது ஸ்ட்ரெச்சரும் கூடவே கீழே போகிறது, பிடிமானமே இல்லை. மூன்றாவதில் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நடுவில் கண்ணாடித் தடுப்பு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் தலையின் பின்புறம் தெரிந்தது. கொஞ்சம்கூட அசையவில்லை. அந்த அசையாமைக்காகத்தான் ஆறு வருடம் உழைத்தேன்.

எனக்கு எந்த எலும்பும் உடையவில்லை. அப்படி இருந்தும் ஏழாவது தடைக்குள் இறங்கி நடந்துவிடலாம் என்று தோன்றியது.

உன் கதவுக் கீல் கணக்கு சரி. பத்தாவது படித்தவள் சொன்னதை முப்பது பக்கம் கணக்குப் போட்டு உறுதி செய்துகொண்டேன். மணல் மூட்டைமேல் ஒரு சென்சார் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வைக்கவில்லை. எனக்கு எடை மட்டும் தேவைப்பட்டது. வண்டியில் இருக்கும் ஆள் என்றால் எனக்கு நீ ஒருத்திதான். பின்னால் படுத்திருப்பவருக்காகத்தான் அந்த வண்டியே ஓடுகிறது என்பது எப்படி மறந்தது என்று தெரியவில்லை. மறந்துவிட்டேன்.

இன்று காலை எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதி, தலைமை இன்ஜினியருக்கும் உங்கள் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவிட்டேன். "கடிதத்த வாபஸ் வாங்கு, ப்ரோமோஷன் ஆர்டர் டைப் ஆயிடுச்சு" என்றார் தலைமை இன்ஜினியர். அந்த ஆர்டரை வேறு யாருக்காவது டைப் பண்ணுங்கள் என்றேன். இப்போது என்னையும் சோதனைக் கூடத்திலிருந்து எடுத்து ஆவணப் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா பெற்ற இரண்டுமே நாற்காலியில் இருக்கிறது. அவளிடம் சொல், சந்தோஷப்படட்டும்.

நான் வரைந்து கொடுத்த மன்னிப்புத் தாளைக் கிழித்துப் போடு. அதை எழுதியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணா,

கிழிக்க மாட்டேன். பின்பக்கம் பெயிண்டர் அவர் கைப்படப் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். விசாரணையில் அதைத்தான் முதலில் மேசைமேல் வைத்தேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அதிகாரி, எலும்பு டாக்டரம்மா, அப்புறம் உன் தலைமை இன்ஜினியர். அவர் என்னைப் பார்த்ததும், "அண்ணனும் தங்கச்சியும் சேந்து திட்டம் போட்டுக் கம்பெனியக் கவுக்கறீங்களா?" என்றார். "எங்களுக்குள்ள ஒரு மாசமா பேச்சுவார்த்தையே இல்ல சார்" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

அதிகாரி தன் பாட்டைப் பாடினார். "ஒரு வரி மன்னிப்பு போதும்மா, முடிச்சுக்கலாம்." நான் சொன்னேன், "வண்டி வாசல்ல நிக்குது. ஏழு தடைக்கு உங்கள்ல யாராவது படுத்துட்டு வாங்க. அதுக்கப்புறமும் கேக்கச் சொன்னா கேக்கறேன்." ஒருவரும் அசையவில்லை. உன் தலைமை இன்ஜினியர் தனக்கு இரத்த அழுத்தம் என்றார். டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, "அப்ப உங்களத்தான் சார் ஏத்தணும். அது நோயாளிங்க வண்டிதானே?" என்று சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தானே போய்ப் படுத்தார்.

திரும்பி வந்து அரை மணி நேரம் அவர் உட்காரவில்லை, நின்றபடியே பேசினார். உன் நாலு பக்கத்தையும் வாசிக்கச் சொன்னார். கோளாறைச் சரிசெய்யும்வரை இந்த வண்டி ஓடாது, புதிதாக ஒன்றும் வாங்கவும் மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அதில் ஒரு நகல் போகிறது.

எனக்குச் சாவி கிடைத்துவிட்டது, பழைய வண்டியின் சாவி. ஆனால் ஃபியூஸைப் பிடுங்கியதற்கு ஒரு கண்டனத் தாள் உண்டு, என் கோப்பில் கடைசிவரை இருக்குமாம். "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அதற்குக் கீழே "ஒப்புக்கொள்ளவில்லை" என்றும் எழுதினேன்.

நீ கத்தியது எனக்குக் கேட்டது. கண்ணாடி மூடியிருந்தாலும் கேட்டது. நிறுத்தியிருக்கலாம். வேண்டுமென்றேதான் நிறுத்தவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஏறாமல், அந்த ஏழு தடையையும் தாண்டி நடந்தே வீட்டுக்குப் போனேன்.

பம்பரம்


மே 19

தங்கச்சிக்கு,

என்னை ஆவணப் பிரிவிலிருந்து திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்பினால் இல்லை, சரிசெய்ய வேறு ஆள் கிடைக்கவில்லை. சென்சாரை உன் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்து ஸ்ட்ரெச்சருக்கு அடியில் வைத்தேன். மூன்று மீட்டர் வயர் கூடுதலாகத் தேவைப்பட்டது. பெட்டிக்கு உத்தரவையும் மாற்றி எழுதினேன். அனுப்பாமல் நிறுத்தி வைத்த நாற்பது வண்டியிலும் மாற்றிவிட்டோம். பதவி உயர்வு போனது போனதுதான். கேட்கவும் போவதில்லை.

அடுத்த வாரம் உன் வண்டி வந்து சேரும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருக்கும் ஷாக் அப்சார்பர்களை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தையும் அசையாமல் வைக்க முடியாது. இனி உன் இருக்கை குலுங்கும். பழைய வண்டி அளவுக்கு இல்லை, ஆனால் குலுங்கும். ஓட்டுநர் இருக்கைக்குத் தனியாக ஒரு ஸ்பிரிங் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். மறுத்துவிட்டார்கள். திரும்பக் கேட்பேன். மறுத்தால் மறுபடியும் கேட்பேன், இப்போது எனக்கு அது பழகிவிட்டது.

உத்தரவை மாற்றி எழுதும்போது உன் முதுகு ஞாபகம் வந்து இரண்டு நாள் கை ஓடவில்லை.

அண்ணன்


ஜூன் 2

அண்ணா,

வண்டி வந்துவிட்டது. முதல் நடை யாரைத் தெரியுமா? நம் பெயிண்டரைத்தான். வீட்டுக்கு அனுப்புகிறார்கள், இன்னும் ஒரு மாதம் படுக்கையில் இருக்க வேண்டுமாம். வாசலில் வண்டியைப் பார்த்ததும், "இதுலயா? நான் நடந்தே போறேன்" என்றார். பழைய பாட்டு. "ஒரு தடவை படுத்துப் பாருங்க. கத்தினீங்கன்னா நானே உங்களத் தூக்கிட்டு நடக்கறேன்" என்றேன். நர்ஸ் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கண்ணாடித் தடுப்பைத் திறந்தே வைத்தேன். ஏழு தடையையும் பதினைந்தில் கடந்தேன். ஐந்தாவதில் என் முதுகு சுளீர் என்றது. பின்னால் சத்தமே இல்லை. என்னவோ என்று பயந்து, பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். நர்ஸ் அக்கா உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். மனிதர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்.

இனி நீ போன் செய்யலாம். நான் பேசும்போது நடுவில் புகக் கூடாது, அவ்வளவுதான்.

படிவம் புதிதாக அச்சடித்திருக்கிறீர்கள், பார்த்தேன். பின்னால் இருப்பவருக்கு ஆறு கேள்வி. எழுப்பிவிட்டதும் அதையெல்லாம் பெயிண்டரே பூர்த்தி செய்தார். ஓட்டுநர் இருக்கை வசதி என்ற இடத்தில் நான் பத்துக்கு மூன்று போட்டிருக்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் "என் அண்ணன் செய்தது" என்று எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை கையால் மறைக்காமல் காட்டு.

பம்பரம்